ஒரு மங்கள வார்த்தை நேரம்

கேஸ் வாடை படிக்கட்டிலேயே மூக்கில் ஏறியது. மரியம்மாள் பால் பாக்கெட்டைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். கதவு சாத்தியிருந்தது. மழைக்கு ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே, அடுப்பில் வைத்த கருப்பட்டித் தண்ணி பொங்கித் தீயை அணைத்திருக்க, கேஸ் உஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி அவள் புருஷன் டேனியல், மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற, தீக்குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு உரசிவிடுவான் என்று அந்த நொடியில் எப்படித்தான் தோன்றியதோ. பின்னால் போய் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அடுப்பைத் திருகி அடைத்தாள், ஜன்னலைத் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. 

“தடுமம் பிடிச்சிருக்கு மேரி” என்றான் டேனியல். “மூக்கு அடைச்சுக் கெடக்கு.”

தடுமம் பிடித்தவன் ஒரு தடவையாவது தும்மியிருக்க வேண்டும்.

உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகள் ஸ்நேஹா எழுந்து வந்து, “மம்மி, கேஸ் ஸ்மெல் வந்துச்சு?” என்று கேட்டாள். புனேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை, டிப்ளமோ கடைசி வருஷம். தூக்கத்தில் இருந்த பிள்ளைக்குக்கூட வந்த வாடை அது.

அன்று காலை கசார்வாடிப் பழைய ரோட்டோரமாக இருவரும் ஒரே குடையில் பட்டறைக்கு நடந்தபோது மரியம்மாளின் மனசு எதையெதையோ எண்ணிப் பார்த்தது. போன மாசம் சாளைக் கருவாடு வறுத்தாள். எதிர்வீட்டு ஷிண்டே அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்று மராட்டியில் நல்ல பாட்டுப் பாடிவிட்டுப் போனாள். டேனியலோ சட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான், “இன்னைக்குக் கருவாடா?” என்றான். அன்றைக்கு அவள் சிரித்தாள். அதற்கு முந்தின வருஷம் இஸ்திரிப்பெட்டியின் வயர் கருகி வீடெல்லாம் நாறியபோதும் அவன் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால்? எங்கிருந்து எண்ணத் தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பட்டறை விச்சு சாருடையது. கோர்படியில் ராணுவக் கணக்கு ஆபீஸ் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளை. ஆபீஸ் உத்தியோகம் பிடிக்காமல் தகரக் கொட்டகை போட்டு முலாம் பூசும் தொழில் தொடங்கியவர். பதினாலு பேருக்கு அங்கே வேலை. பித்தளைக் குழாய்ச் சாமான்கள் வரும். வாணியம்பாடிக்காரர் முகமது ரஃபீக் அவற்றைச் சக்கரத்தில் கொடுத்து வழவழப்பாக்குவார். மரியம்மாள் மேசையில் அவற்றைக் கம்பிச் சட்டத்தில் மாட்டுவாள். சட்டத்துக்கு ஜிக் என்று பெயர், ஒரு ஜிக்குக்கு முப்பத்தாறு கொக்கி. முதலில் நிக்கல் தொட்டி, அப்புறம் குரோம் தொட்டி. அந்தக் கடைசித் தொட்டிதான் இருபத்திரண்டு வருஷமாக டேனியலுடைய இடம்.

குரோம் தொட்டி கருஞ்சிவப்பாக, லேசான ஆவியோடு கிடக்கும். கரண்டு ஓடும்போது மேலே பொடிப்பொடியாகக் குமிழி வெடிக்கும். டேனியல் ஜிக்கை இறக்கி, மனசுக்குள் எண்ணி, தூக்கி, அதே வீச்சில் பக்கத்திலிருக்கும் இரண்டு கழுவுதொட்டிகளில் முதலாவதில் முக்கிவிடுவான். தூக்குவதும் முக்குவதும் ஒரே அசைவு. சாமானின் மேல் குரோம் தண்ணி காய்ந்துவிட்டால் திட்டுத் திட்டாகக் கறை விழும். டேனியல் கையில் ஒருநாளும் கறை விழுந்ததில்லை. அந்தக் கழுவுதண்ணி எலுமிச்சை மஞ்சளாகி, விஷத்தை முறிக்கிற பின்பக்க மருந்துத் தொட்டிக்கும், அங்கிருந்து நாலா என்கிற சாக்கடை ஓடைக்கும் போகும். நாலா பவனா ஆற்றுக்குப் போகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று விச்சு சார் எல்லோரையும் டீ நேரத்தில் கூப்பிட்டார். கையில் காகிதம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்திருந்தது. இரண்டு தடவை எடுத்த தண்ணியிலும் குரோம் அளவுக்கு மேல். மூன்றாவது தடவை பத்து நாளில் வருவார்களாம். அதிலும் தேறாவிட்டால் குரோம் தொட்டிக்கு சீல், பட்டறைக்குக் கரண்டு கிடையாது. மருந்துத் தொட்டியில் எவ்வளவு மருந்து கொட்டினாலும் இவ்வளவு மஞ்சளை அதனால் தாங்க முடியவில்லை என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அவர்கள் வருகிற அன்று விடியற்காலையிலேயே இரண்டு டாங்கர் நல்ல தண்ணி வரவழைத்துப் பின்குழியில் கலந்துவிடலாம், டேனியல்தான் வால்வைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

ரஃபீக் பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஊர்ல கொழாய்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி வருது. நம்ம சேட் நாலாவுக்கு டாங்கர் வச்சுக் குளிப்பாட்டறாரு” என்றார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. டேனியல் தலையைக் குனிந்தபடி சரி என்றான். அந்தத் தலை குனிந்த விதம் மரியம்மாளுக்கு என்னவோ செய்தது.

நாலு நாள் மழை விடவில்லை. வீட்டில் துணி காயவில்லை, மனசும் காயவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டது குறைவு. தொட்டி மூடினால் இந்த வயசில் இவனை யார் எடுப்பார்கள் என்று ஒரு பக்கம். மூடித்தான் தொலையட்டுமே என்று இன்னொரு பக்கம். பட்டறையில் அவள் கை மாட்டிக்கொண்டிருக்கும், கண் அடிக்கடி அவன் முகத்துக்குப் போகும். அவன் தொட்டிக்கு மேல் குனியும்போதெல்லாம் அந்த ஆவி அவன் முகத்தை நக்குகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு திரும்பியதும், குழம்புக்குத் தேங்காய் வறுக்கும் முன்னால் டம்ளர்களைக் கழுவிக் கூடையில் போட்டாள். ஒரு டம்ளர் வாய் மேலே பார்த்தபடி விழுந்தது. அதில் கழுவிய தண்ணி அப்படியே நின்றது. பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்ததில் ஒரு சொட்டு இல்லை. தினமும் பார்க்கிறதுதான். இன்று அவள் கை நின்றுவிட்டது.

பட்டறைக்கு அதிகம் வருகிற சாமான், குழாயைத் திருகுகிற பித்தளைக் கைப்பிடி. மேலே உருண்டை, கீழே உள்ளே பொள்ளல், கிண்ணம் மாதிரி. அதனாலேயே கட்டோரி என்று பேர். அதில் ஒன்று, கழித்துப் போட்டது, அவள் வீட்டில் உப்புக் கிண்ணமாக இருந்தது. உப்பைத் தட்டிவிட்டு அதைத் தண்ணீரில் முக்கினாள். பட்டறையில் மாட்டுகிற மாதிரி வாய் மேலே பார்த்து எடுத்தாள். ஒரு டீக்கரண்டித் தண்ணி. பக்கவாட்டில், வாய் கொஞ்சம் கீழே சாய்ந்தாற்போல் பிடித்து எடுத்தாள். எல்லாம் வழிந்து ஓடிவிட்டது.

கட்டோரியை வாய் மேலே பார்க்க மாட்டச் சொன்னது டேனியல்தான். பல வருஷம் முன்னால் கவிழ்த்து மாட்டியபோது, உள்ளே காற்று அடைத்துக்கொண்டு சாமான் மிதந்து கொக்கியை விட்டுக் கழன்று தொட்டிக்குள் விழுந்தது. அன்றிலிருந்து அதுதான் சட்டம். அப்படியானால் இத்தனை வருஷமாக, ஒவ்வொரு ஜிக்கிலும் முப்பத்தாறு கிண்ணம் நிறைய விஷத்தை இவள் மாட்டிக் கொடுக்க, அவன் மொண்டு தண்ணியில் கொட்டியிருக்கிறான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது. இதைச் சொன்னால் தண்ணி தெளியும். தண்ணி தெளிந்தால் தொட்டி நிற்கும். தொட்டி நின்றால் இவன் அதன் தலைமாட்டிலேயே நிற்பான்.

ஸ்நேஹா சிநேகிதியைப் பார்க்க மகர்பட்டாவுக்குப் போயிருந்தாள். சாப்பாடு முடிந்து டேனியல் சாய்ந்திருந்தபோது மரியம்மாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கண்ண மூடுங்க.”

“என்னட்டி விளையாட்டு?”

“மூடுங்க சொல்லுதேன்.”

குழம்புக்குக் கிள்ளியது போக மிச்சமிருந்த புதினாவைக் கசக்கி அவன் மூக்கில் காட்டினாள். புதினா என்றான். பரவாயில்லையே என்று ஒரு கணம் நெஞ்சு ஆறியது. பிறகு கக்கூஸ் கழுவுகிற பினாயில் பாட்டிலைத் திறந்து காட்டினாள். அவளுக்கே கண் எரிந்தது.

“இதும் புதினாதான்” என்றான் டேனியல். “அதே மாரி சுருக்குன்னு ஏறுது.”

அவள் பாட்டிலை மூடும் சத்தம் கேட்டு அவன் கண்ணைத் திறந்தான். பாட்டிலைப் பார்த்தான். 

“எத்தன நாளா?”

“நாளா? ஸ்நேஹா எட்டாவது படிக்கையிலேருந்து. நாலு வருசம் தாண்டிட்டு.”

“டாக்டர்ட்ட போனியளா?”

“பிம்ப்ரியில ஒருத்தர்ட்ட காட்டினேன். மூக்குக்குள்ள நடுச்சுவர்ல ஓட்ட விழுந்திருக்காம். குரோம் ஆவி. அந்த வேலைய விட்டுரும்னாரு.” அவன் வேறொருத்தர் கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். “சீட்டு டிரங்குப் பெட்டியில கெடக்கு.”

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?”

“சொன்னா நீ விடச் சொல்லுவ. விட்டுட்டு நான் என்ன செய்ய? எனக்கு அந்தத் தொட்டி தெரியும். வேற என்ன மேரி தெரியும் எனக்கு?”

“நான் தலையில பூ வச்சுக்கிட்டு வந்து பக்கத்துல நிக்கேன். நீங்களும் வாசமா இருக்குன்னு சொல்லிக்கிட்டேதான இருந்திய.”

அவன் முகம் அப்போதுதான் உடைந்தது. “பூ கண்ணுக்குத் தெரியும்லா” என்றான்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

“அந்த மஞ்சத் தண்ணிய நிறுத்துறதுக்கு எனக்கு வழி தெரியும். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் சொல்ல மாட்டேன்.”

“என்னது?”

“சொல்ல மாட்டேன். சீல் வைக்கட்டும். நல்லா இழுத்து மூடி வைக்கட்டும்.”

டேனியல் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு குடை எடுக்காமல் போய்விட்டான். பதினாலு வீட்டு அடுப்பு, ஸ்நேஹாவின் கடைசி வருஷம், எல்லாம் தான் வாய் திறப்பதில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஒரு மணி நேரம் கழித்து, நனைந்த காகிதத்தில் இரண்டு வடா பாவோடு அவன் திரும்பி வந்தான். கோபம் போன பிறகு எப்போதும் வாங்கி வருவதுதான். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

“போன வருசம்,” என்றான் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஒரு கெமிக்கல் கம்பெனிக்காரன் வந்தாம்லா, தொட்டிக்குப் புது மருந்து விக்க. பச்சை உப்பு. அதுவும் குரோம்தான். அதுல இந்த மாரி ஆவி கெடையாது, இந்த மாரி விஷமும் கெடையாது. சாருக்கு அப்பவே பாதி மனசு. நாந்தான் வேண்டாம்னேன்.”

“ஏன்?”

“பளபளப்பு கொஞ்சம் மங்கல். லேசாப் புகை அடிச்ச மாரி இருக்கும். இது குரோமா, அலுமினிய டப்பாவான்னு கேட்டு அவன வெரட்டிட்டேன். மூக்கு போயிட்டு, கண்ணுமா தோத்துப்போகும்னு ஒரு வீம்பு.” அவன் துண்டைக் கீழே வைத்தான். “நாளைக்குச் சார்ட்ட சொல்லுவோம். உன் வழியையும் சொல்லு, இதையும் சொல்லுவோம்.”

திங்கட்கிழமை மரியம்மாள் விச்சு சாரைத் தன் மேசைக்கே வரவழைத்தாள். ஒரு ஜிக்கில் பழைய மாதிரியே முப்பத்தாறு கட்டோரியை மாட்டி, வெறும் தண்ணியில் முக்கித் தூக்கி, ஒவ்வொன்றாக ஒரு சொம்பில் கவிழ்த்தாள். டம்ளரில் ஊற்றிக் காட்டினாள். ஒரு டம்ளர் தளும்பியது. பிறகு குறடால் கொக்கியின் நுனிகளை வளைத்து, அதே கட்டோரிகளைப் பக்கவாட்டில், வாய் கொஞ்சம் சாய்ந்தாற்போல் மாட்டினாள். முக்கும்போது காற்று மேல் விளிம்பு வழியே கொப்பளித்து வெளியேறியது. தூக்கியபோது எல்லாம் தொட்டிக்குள்ளேயே வழிந்தது. கவிழ்க்கச் சொம்புக்கு மிஞ்சியது சில சொட்டுதான்.

விச்சு சார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு நாளைக்கு அறுபது ஜிக். அறுபது டம்ளர். அரே, ஒரு வாளிம்மா இது. தினம் ஒரு வாளி குரோமை நானே நாலாவுல கொட்டிண்டு, போர்டுக்காராளைத் திட்டிண்டு இருக்கேன்.”

அதோடு முடியவில்லை. வழிகிறதற்கு நேரம் கொடுக்க வேண்டும். டேனியலின் கை வேகம் அங்கே எதிரி. ஜிக்கைக் கையால் பிடித்து நின்றால் தோள்பட்டை விட்டுப்போகும். ரஃபீக் பாய் பழைய இரும்புக் குழாய் ஒன்றைத் தொட்டிக்கு மேலே குறுக்காகக் கட்டினார், ஜிக்கை அதில் தொங்கவிட. எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. உடனே எடுத்தால் சொட்டுகிறது, அதிகம் விட்டால் காய்ந்து கறை விழுகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய டேனியலுக்கு வரவில்லை. மரியம்மாள் வீட்டில் முட்டை அவிப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் செபத்தைத்தான் அளவாக வைப்பாள். மாதாவுக்கான மங்கள வார்த்தை செபத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்கள். கறை விழுந்தது. அரைகுறையாகச் சொன்னால் சொட்டியது. ஒரே ஒரு மங்கள வார்த்தை, அவசரமில்லாமல் ஆமென் வரைக்கும். சாமானில் ஒரு சொட்டு இல்லை, ஒரு கறை இல்லை.

“டேனியல் லீவு போட்டா நான் நிக்கணும். நான் இன்னா பண்றது?” என்று ரஃபீக் பாய் கேட்டார்.

“நீங்க உங்க ஓதல ஓதுங்க பாய். அளவு சரியா வந்தாச் சரி” என்றாள் மரியம்மாள்.

சாமானை முதலில் முக்கிக் கழுவும் தண்ணியையும் இனிக் கொட்டுவதில்லை, ஆவியாகிக் குறைகிற குரோம் தொட்டிக்கே திருப்பி ஊற்றுவது என்று டேனியல் சொன்னான். மத்தியானத்துக்குள் இரண்டாவது கழுவுதொட்டியின் தண்ணியில் மஞ்சள் வெளுத்துவிட்டது. விச்சு சார் டாங்கர்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். எல்லோரும் அவல் போஹா தின்றுகொண்டே அந்தத் தண்ணியைப் போய்ப் போய்ப் பார்த்தார்கள்.

மரியம்மாள் மட்டும் தின்னவில்லை. “சார், இன்னொண்ணு இருக்கு” என்றாள். பச்சை உப்பைப் பற்றிச் சொன்னாள்.

விச்சு சார் தயங்கினார். “இருக்கிற சிவப்பு உப்பு டிரம் தீரட்டுமே. தீர்ந்ததும் மாத்திடலாம். ஒரு மாசந்தானே.”

“அது ஒரு மாசத்துல தீராது சார். இதுக்கு முந்தி நாலாவுக்குப் போச்சு, தீந்துச்சு. நான் சாய்ச்சு மாட்டுனா அதே டிரம் மூணு மாசம் வரும். நான் எவ்வளவு நல்லா மாட்டுதேனோ அவ்வளவு நாள் இவுக அங்க நிக்கணும்.”

அவர் விழித்தார். “டேனியல் நின்னா என்ன? அவர் எடம்தானே அது? போன வருஷம் அந்தப் பச்சையை அவர்தானே வேண்டாம்னார். டீலர் கலரைப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பினா யார் பதில் சொல்றது?” தன் மேசை இழுப்பறையைத் திறந்து, அன்றைக்கு அந்தக் கம்பெனி ஆள் பச்சை உப்பில் முலாம் பூசிக் காட்டி விட்டுப்போன கட்டோரியை எடுத்து டேனியலிடம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்கோ. இது போகுமா?”

டேனியல் அதை வாசலுக்குக் கொண்டுபோனான். மேகம் மூடிய வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டறையில் சக்கரம் நின்றிருந்தது. மரியம்மாள் குறடைக் கையில் பிடித்தபடி நின்றாள். ‘போகாது’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது.

“கொறதான் சார்” என்றான். “அந்த நீலச் சாயல் அடிக்காது. பக்கத்துல வச்சுப் பாத்தாத் தெரியும், தனியாப் பாத்தாத் தெரியாது. போட்டுருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “கண்ணு பழகிரும். எனக்கு மூக்கு போயிட்டு சார். நாலு வருசமாச்சு. உள்ள ஓட்ட விழுந்திருக்கு. சொல்லாம நின்னேன்.”

எல்லோருக்கும் முன்னால் அவன் அதைச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ரஃபீக் பாய் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். விச்சு சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டவருக்கே அந்தக் கேள்வி வெட்கமாக இருந்திருக்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலண்டரை எடுத்து, ஆறு வாரம் தள்ளியிருந்த கணபதி பண்டிகை லீவில் விரலை வைத்தார். அந்த நாலு நாளில் சிவப்புத் தொட்டியைக் காலி செய்து பச்சை ஏற்றிவிடலாம், மிச்ச உப்பைக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கலாம், டேனியல் இன்றே நிக்கல் பக்கம் வந்துவிடட்டும் என்றார்.

“வேற யாரு சார் அங்க நிப்பா?” என்றான் டேனியல். “அது வரைக்கும் நானே நிக்கேன். இன்னொருத்தன் மூக்க அங்க கொண்டுபோய் விட வேண்டாம்.”

மரியம்மாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த ஆறு வாரமும் அவள் விடவில்லை. முகமூடி இல்லாமல் அவன் தொட்டிப் பக்கம் போனால் மேசையில் குறடால் தட்டுவாள். தொட்டியின் மேல் மிதக்க விட பிளாஸ்டிக் பந்துகளை விச்சு சாரிடம் நச்சரித்து வாங்க வைத்தாள். ஆவி பாதியாவது அடங்கியது. வாரியத்துக்காரர்கள் சொன்ன நாளில் வந்து பாட்டிலில் தண்ணி பிடித்துப் போனார்கள். டாங்கர் வரவில்லை. டேனியல் வால்வுப் பக்கமே போகவில்லை. முடிவுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் வந்தது. அளவுக்குள் இருந்தது. மயிரிழையில்தான், ஆனால் உள்ளே.

கணபதி லீவுக்கு முந்தின சனிக்கிழமை சிவப்புத் தொட்டிக்குக் கடைசி நாள். அன்று விடிகாலை மரியம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் டோல் தாஷா மேளக்காரர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஸ்நேஹா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அடுக்களையில் தீப்பெட்டி கிலுங்கும் சத்தம் கேட்டது. மரியம்மாளின் கை அப்படியே நின்றது. அந்தச் சத்தத்துக்கு இனி எப்போதும் அப்படித்தான் நிற்கும் போலிருந்தது.

“மேரி,” என்று அவன் குரல் வந்தது. “வந்து மோந்து பாரு. எனக்குத் தெரியாது.”

அவள் போனாள். அவன் குச்சியை உரசாமல், பெட்டியைத் தனியாக, குச்சியைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றான். அவள் அடுப்புக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். நேற்றைய ரசம், ஈரத் துணி, ஜன்னல் வழியே மழை மண். இவற்றையெல்லாம் இனி ஒவ்வொன்றாக அவனுக்குச் சொல்ல வேண்டும். நல்ல வேளை, அவளுக்குப் பேச்சு நிறைய உண்டு.

“ஒண்ணுமில்ல,” என்றாள். “பொருத்துங்க.”